முப்பது மூச்சு

கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் ஒன்பதாம் பிளாக்கில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் எல்லோரும் அதை மூக்கு என்றே சொன்னார்கள். வீட்டு நிலைவாசலுக்கு மேலே, உட்புறமாக, பாதிக் கொட்டாங்கச்சி அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வீட்டில் யாராவது புகை பிடித்தால் அந்த மாடியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் போனில் வீட்டு எண் சிவப்பாகிவிடும். வெளியே எங்கேயோ பிடித்துவிட்டு வந்து வீட்டுக்குள் மூச்சு விட்டாலும் சிவப்பாகும். அதுதான் மூக்கின் பெருமை. டீக்கடைப் பக்கம் ஒதுங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்கு வருகிற ஆம்பளைகளின் காலம் முடிந்தது என்று திறப்பு விழாவில் கம்பெனி அதிகாரி சொன்னபோது பெண்கள் பக்கத்தில் எழுந்த கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கைதட்டியவர்களில் முதல் ஆள் ஜெகதா. ஏழாம் மாடி, நாலாம் நம்பர் வீடு. ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பதினான்கு மாடியில் அடுக்கி வைக்கப்பட்ட நூற்று அறுபத்தெட்டுக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. ஒரு வீட்டு ஜன்னலைத் திறந்தால் இன்னொரு வீட்டுச் சுவர். கீழ்வீட்டில் மீன் வறுத்தால் மேல்வீட்டில் தும்மல். பக்கத்து வீட்டில் பீடி பற்றவைத்தால் ஜெகதாவின் மகள் தன்ஷிகாவுக்கு இழுப்பு வரும். குழந்தை உதடு நீலம் பாரித்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். புருஷன் லாரி ஓட்டப் போனவன் போனவன்தான். அவளுக்கென்று இருந்தது இந்த ஒரு பிள்ளை, அதன் மூச்சு, தலைக்கு மேலே இந்தக் கூரை. இந்த மூன்றையும் காப்பாற்றிக்கொள்ள அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள். செய்யவும் செய்தாள்.

புகையற்ற பிளாக் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தவன் அறக்கட்டளையைச் சேர்ந்த பிரவீண். நல்ல பையன். எல்லோரையும் அக்கா, அண்ணா என்றே கூப்பிடுவான். குடியிருப்போர் சங்கம், அறக்கட்டளை, கம்பெனி, குடியிருப்பு நிர்வாகம் என நாலு கூட்டாளிகள் கையெழுத்துப் போட்டார்கள். “இது மேலேர்ந்து உங்க தலையில கட்டுற சட்டம் இல்லக்கா. உங்களுக்கு நீங்களே போட்டுக்கிற சட்டம்” என்று பிரவீண் வீடு வீடாகச் சொன்னான். அவன் சொன்னது உண்மைதான். திட்டுவதற்குக்கூட வேறு ஆள் இல்லாமல் போனதற்கும் அதுவே காரணம்.

மாடிக்கு ஒரு பெண்ணுக்கு மூச்சுத் தோழி என்று பட்டம் கொடுத்தார்கள். ஜெகதா தலைமைத் தோழி. ஒரு வீட்டுக்கு மூன்று சிவப்பு வந்தால் சங்கக் கமிட்டி கூடி ஓட்டெடுக்கும். ஓட்டில் தோற்றால் அந்தக் குடும்பம் முப்பத்தோராம் பிளாக்குக்குப் போகவேண்டும். அது குடியிருப்பின் கடைக்கோடியில் இருந்தது. லிஃப்ட் பழுதாகி இரண்டு வருஷம். தண்ணீர் லாரியில் வரும். அதற்குப் புகைக்காரன் பிளாக் என்று தானாகவே பேர் வந்துவிட்டது.

மூக்கை மாட்டுவதற்கு முன்னால் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. சாம்பிராணி, கொசுவர்த்தி, தாளிப்பு, கருவாடு எல்லாம் புகை இல்லை என்று ஒரு வாரம் பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் மூச்சு முகாம் நடந்தது. பழக்கம் இல்லாதவர்கள் அறுபது பேர், பழக்கம் உள்ளவர்கள் முப்பது பேர், ஆளுக்கு ஒரு முறை குழாயில் ஊதவேண்டும். பேர், வீட்டு எண், கையெழுத்து வேண்டும். அறுபது பேர் மோருக்கும் பிஸ்கெட்டுக்கும் காலை பதினோரு மணிக்குள் வந்து ஊதிவிட்டுப் போனார்கள். முப்பதில் ஒருத்தரும் வரவில்லை. ஊர்கூடிப் பார்க்க நான் பீடி குடிக்கிறவன் என்று யார் வந்து ஊதுவான்? குழாய்க்குப் பயந்து ஆண்களெல்லாம் காலையிலேயே தலைமறைவாகியிருந்தார்கள்.

மாலை நாலு மணிக்கு ஒரே ஒரு ஆள் வந்தான். தேசிங்கு. பெயின்டர். ஐந்தாம் மாடி. ஐம்பத்தேழு வயது, நாற்பது வருஷப் பீடி. கூடப்பிறக்காவிட்டாலும் ஜெகதாவுக்கு அண்ணன்தான். தன்ஷிகாவை இரண்டாவது முறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவனே.

“இன்னா தங்கச்சி, ஒரு ஈ காக்காவக் காணோம்? நான் ஒருத்தன்தான் மானங்கெட்டவனா?”

“அஞ்சு மணிக்கு மிஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்கண்ணா. முப்பது பேரு ஊதலைன்னா நம்ம பிளாக்கை விட்டுட்டு வேற பிளாக்குக்குக் குடுத்துடுவாங்களாம்.” பிரவீணும் கம்பெனிப் பையனும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கூடத்தில் அவளும், மூலையில் படம் வரைந்துகொண்டிருந்த தன்ஷிகாவும், தேசிங்குவும் மட்டும். “நீயே ஊதேன்.”

“நான் ஊதத்தான வந்துகீறேன்.”

“இல்லண்ணா. முப்பதும்.”

தேசிங்கு அவளைப் பார்த்தான். பிறகு மூலையில் இருந்த குழந்தையைப் பார்த்தான். “சக்கரை முகாம்ல ஒரே ஆளு ரத்தத்த அஞ்சு பேருக்கு எய்தினாளே நர்சம்மா, அந்த மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

அவன் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். பாப்பா இருக்கும் இடத்துக்கு நாறிக்கொண்டு வரக்கூடாது என்று அன்று காலையிலிருந்து அவன் பீடியைத் தொட்டிருக்கவில்லை. வாயை வேறு நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்திருந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் மோர் குடித்து, இருமி, ஊதினான். ஜெகதா தனக்குத் தெரிந்த பீடிக்காரர்களின் பேரையெல்லாம் வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஐந்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது முப்பது முடிந்தது. எந்த முகாமிலும் இப்படித்தானே நடக்கிறது? அவளுக்கு அது தப்பாகவே படவில்லை. விழாவில் சால்வை போர்த்தியபோது பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் தேசிங்கு பீடிக்கட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டான். “இந்த வீடு போச்சுன்னா என் பொண்டாட்டி கன்னியம்மா என்னிய உயிரோட கொளுத்திடுவா” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு மாதம் கழித்து மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. முதல் வாரமே ஒரு வீட்டு எண் சிவப்பானது. தேசிங்கு வீடு.

“நான் தொடவே இல்ல தங்கச்சி. கன்னியம்மா மேல சத்தியம்.”

ஜெகதா நம்பவில்லை என்று சொல்லமுடியாது. நம்பினாள் என்றும் சொல்லமுடியாது. இரண்டாவது சிவப்பு வந்தபோது அவன் அவளை மாடிப்படியில் நிறுத்தித் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“முப்பது தபாவும் என்னியவே ஊதச் சொன்னியே. அதனால மிஷினு என்னியவே புடிக்குதா?”

“சும்மா இருண்ணா. மிஷின் என்ன ஆள் பாத்தா பிடிக்கும்? அதுக்குப் புகைதான் தெரியும்” என்றாள் ஜெகதா. படியில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே சொன்னாள். “அந்த விஷயத்த வெளியில சொல்லிடாத. முப்பது கள்ளக் கையெழுத்து. திட்டமே போயிடும். என் பேரு போயிடும். இந்தக் குழந்தையை வெச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?”

“நான் ஏன் சொல்லப்போறேன்” என்றான் தேசிங்கு.

மூன்றாவது சிவப்புக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஒன்பது பேர். தேசிங்கு சட்டைப் பொத்தான்களை மேல்வரை போட்டுக்கொண்டு வந்திருந்தான். பீடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது என்றான். விட்டவன் எதற்கு இப்படி இருமுகிறான் என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. நாலு பேர் போகட்டும் என்றார்கள். நாலு பேர் இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றார்கள். எல்லோரும் ஜெகதாவைப் பார்த்தார்கள். தேசிங்குவும் பார்த்தான். முகாமைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அவன் திறக்கமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவள் போகட்டும் என்று கையைத் தூக்கினாள். இந்தக் கதையில் மன்னிக்கமுடியாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

முப்பத்தோராம் பிளாக்கில் அவனுக்குப் பன்னிரண்டாம் மாடி கிடைத்தது.

அதற்குப் பிறகு ஒன்பதாம் பிளாக் நன்றாகவே இருந்தது. பயத்தில் பாதிப் பேர் பீடியைக் குறைத்துக்கொண்டார்கள். தன்ஷிகாவுக்கு அதன்பின் ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. டீக்கடையில் நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுகிற ஏழுமலை வீடு எப்போதும் பச்சையாகவே இருந்தது. ஆனால் ரிட்டயர்டு டீச்சர் சுகந்தி வீடு, தையல்காரி ஜுபைதா வீடு என்று புகையின் பக்கமே போகாத வீடுகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. மொத்தம் ஆறு. எல்லோரும் சத்தியம் செய்தார்கள், அழுதார்கள். ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஒரு சிவப்பு கழியும் என்பதால், வாழ்நாளில் பீடியைக் கையால் தொடாத சுகந்தி டீச்சர் அழகான கையெழுத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஜெகதா அதைக் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

பங்குனியில் கன்னியம்மா ஆள் அனுப்பினாள். தேசிங்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறான், வந்து பார் என்று. ஜெகதா ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். கட்டிலில் ஆள் பாதியாகக் கிடந்தான். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். அவளைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். பேச்சு வரவில்லை. பன்னிரண்டு மாடியும் ஏறி இறங்கி, கடைசி இரண்டு மாதம் வீட்டைவிட்டே இறங்கவில்லை என்றாள் கன்னியம்மா. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெகதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வார்டு டாக்டர் ஷகீலா பானு கோபக்காரி. “நீங்கதான் அந்த மூச்சுத் தோழியா? வாங்க” என்று வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். “இவருக்கு உங்க ஆளுங்க ‘தொடர்ந்து புகைப்பவர்’னு சீட்டுக் குடுத்திருக்காங்க. அந்தச் சீட்டு இருந்தா சிகிச்சை வரிசையில கடைசி. அவர் சம்சாரம் அழுததால முடியை எடுத்து டெஸ்ட் பண்ணினேன். முடியில பல மாசத்துக் கணக்கு நிக்கும். ஒண்ணுமே இல்ல. இந்த மனுஷன் பீடியைத் தொட்டே ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது.”

“அப்புறம் ஏன் டாக்டர் மிஷின்ல சிவப்பு வந்திச்சு?”

“அதைத்தான் நான் உங்களைக் கேக்கிறேன்.”

யாரிடமும் சொல்லாததை ஜெகதா முதல்முறையாகச் சொன்னாள். முகாம், முப்பது பேர், மோர், கையெழுத்து எல்லாவற்றையும்.

டாக்டரின் கோபம் எங்கோ போய்விட்டது. “முப்பதும் இவர் மூச்சா?”

“ஆமா.”

“இவர் நுரையீரல்ல இருக்கிற கட்டி ரெண்டு வருஷத்துக் கட்டி. அன்னிக்கும் இருந்திருக்கு. கட்டிக்குன்னு மூச்சுல ஒரு வாசம் உண்டும்மா. நமக்குத் தெரியாது. நாய்க்குத் தெரியும், நல்ல மிஷினுக்கும் தெரியும். முப்பது பேருக்கும் பொதுவா என்ன இருக்குன்னுதான் அந்த மிஷின் தேடியிருக்கும். காலையிலேர்ந்து பிடிக்காத ஆளு, வாயைக் கழுவிட்டு வந்திருக்காரு, மோர் வேற. பீடி வாசம் ஊத ஊதக் குறைஞ்சிருக்கும். கட்டி குறையாது. அப்போ அது எதைக் கத்துக்கிட்டிருக்கும்?”

ஜெகதாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் நினைவுக்கு வந்தது தேசிங்கு இல்லை. சுகந்தி டீச்சரின் கையெழுத்து.

“டாக்டர், இன்னும் ஆறு வீடு சிவப்பா இருக்கு. ஒருத்தரும் பீடி குடிக்கிறவங்க இல்ல.”

“உடனே கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் பிடிச்சா காப்பாத்தலாம். இவருக்கு முதல் சிவப்பு எப்போ வந்தது?”

“போன வருஷம் பங்குனி.”

“அப்பவே வந்திருந்தா…” என்று தொடங்கிய டாக்டர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஜெகதா நேராக அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனாள். மத்தியான வெயிலில் பஸ் கிடைக்காமல் பாதித் தூரம் நடந்தாள். பிரவீண் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். முழுவதையும் கேட்டான். கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்தது.

“அக்கா, இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“டாக்டர்கிட்ட. இப்போ உன்கிட்ட. எழுதியும் தரேன். மிஷினை நிறுத்து. அந்த ஆறு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“நிறுத்த முடியாதுக்கா. நம்ம பிளாக் மூக்கு நல்லா கத்துக்கிச்சுன்னு அதையே காப்பி எடுத்து, வேற குடியிருப்புங்களையும் சேர்த்து இன்னும் நாப்பது பிளாக்குக்கு மாட்டிட்டாங்க. கம்பெனிகிட்ட சொன்னா, மூச்சு மாதிரி எடுத்தது சங்கம்னு சொல்லும். சங்கத்தைக் கேட்டா அறக்கட்டளைன்னு சொல்லும். எங்க டைரக்டர், நிர்வாகம் ஒப்புக்கிட்டதுதானேம்பார். கடைசியில முப்பது கையெழுத்தும் உங்களுது. உங்க வீடுதான் போகும்.”

“போகட்டும்.”

அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எட்டு மாதம் முன்னால் கமிட்டியில் தன் வீட்டைப் பற்றி வந்திருக்கவேண்டிய சொல். பிரவீண் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா… ஆறு வீடு இல்ல.”

“என்னது?”

“தோழிங்க வீட்டு நிலவரம் தோழிங்க போன்ல வராது. எனக்கு மட்டும்தான் வரும். ஊரையெல்லாம் சோதிக்கிறவங்களை நாங்க சந்தேகப்படுற மாதிரி ஆயிடக்கூடாதுன்னு ஆரம்பத்துலயே அப்படி வெச்சோம். ஏதாவது சிவப்பு வந்தாலும் நான் கிளறுறதில்ல. உங்களை எடுத்துட்டா பிளாக்கே நின்னுடும். ஏதோ மன அழுத்தம், பாவம், எப்பவாவது ஒண்ணு பிடிக்கிறீங்க போலன்னு விட்டுட்டேன்.” அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது. “ஏழாம் மாடி நாலாம் நம்பர். புரட்டாசியிலேர்ந்து சிவப்பா இருக்கு.”

மரியாதைக்காக மறைத்தான். பாவம் பார்த்து மறைத்தான். அவனை ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது ஜெகதாவுக்கு. கை எழவில்லை. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

பள்ளிக்கூட வேன் வரும் நேரத்துக்குள் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் யார் என்று தனியாகக் கண்டுபிடிக்கத் தோழிகளிடம் கையடக்கமான ஊதுகுழாய் ஒன்று உண்டு. அதற்கும் மூக்குக்கும் ஒரே மூளைதான். அதைத் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். வழியெல்லாம் அவள் வேண்டிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான். நானாக இருக்கட்டும். மாரியாத்தா, நானாக இருக்கட்டும்.

தன்ஷிகா பையைக் கழற்றிப் போட்டாள். குழாயைப் பார்த்ததும், “யாருக்கும்மா டெஸ்ட்?” என்றாள் ஆர்வமாக. பத்து வயதில் அவளுக்கு இந்தக் குழாயைப் பற்றித் தெரியாதது இல்லை.

“நீ ஒரு தடவை ஊது கண்ணு.”

“நானா? எதுக்கு?”

“ஊதும்மா. சும்மாதான்.”

குழந்தை சிரித்துக்கொண்டே ஊதினாள். குழாயின் நுனியில் விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது. பச்சை.

ஜெகதா குழாயை வாங்கித் துடைத்துவிட்டுத் தானும் ஊதினாள். சிவப்பு. மினுக்கக்கூட இல்லை, ஊதி முடிப்பதற்குள் வந்துவிட்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பயம் வரும் என்று நினைத்தாள். வந்தது சந்தோஷம். பிள்ளை தப்பித்தது. டாக்டர் இருக்கிறாள், சீக்கிரம் பிடித்தால் காப்பாற்றலாம் என்றாளே. நாளைக்குக் காலையில் சுகந்தி டீச்சரையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். வீடு போனால் போகட்டும். கன்னத்தில் கண்ணீர் வழிய அவள் சிரித்தாள், மகளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

தன்ஷிகா அந்தக் கைக்குள் வரவில்லை. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீயாம்மா?”

“இல்லடி கண்ணு. இது வேற. அம்மாவுக்கு உடம்புக்கு…”

“பிடிக்கிறவங்க எல்லாருமே முதல்ல இல்லன்னுதான் சொல்லுவாங்க” என்றாள் தன்ஷிகா. குரலில் கோபம் இல்லை. தோழியின் மகள், வீடு வீடாக அம்மாவோடு போய்க் கற்றுக்கொண்டிருந்தாள். பாவாடை நுனியை எடுத்து மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, அம்மாவைச் சுற்றி விலகிப் போய், வாசலுக்கு வெளியே வராந்தாவில் நின்றாள்.

“இது எத்தனாவது சிவப்பும்மா?” என்று அங்கிருந்தே கேட்டாள்.